மஞ்சள் கோடும் கடைமடைத் தண்ணீரும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். என் முன்னால் சொன்னால் அதற்கும் கோபம் வரும் என்பதால், நான் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்வார்கள். இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு. எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு ‘தொலை’யைச் சேர்த்துவிடுவேனாம். வந்து தொலை, சாப்பிட்டுத் தொலை, போனை எடுத்துத் தொலை. அக்காவுக்குக் கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்குப் புறப்பட்டபோது, காரில் ஏறிய அவளைப் பார்த்து, “நல்லா இருந்து தொலை” என்று சொல்லிவிட்டு அழுதேனாம். இன்றைக்கும் அத்தான் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

இப்படிப்பட்ட ஒருத்தியை ஒரு மென்பொருள் காலையிலிருந்து சாயங்காலம்வரை திருத்திக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரத்தநாட்டில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஓர் உரக்கடை. அதன் மாடியில் ஒற்றை அறை. அங்கே உட்கார்ந்துதான் நான் இணையதளங்கள் செய்து கொடுக்கிறேன். மழைக்காலத்தில் கீழேயிருந்து யூரியா வாடை படியேறி வரும். கல்யாண மண்டபம், நர்சரிப் பள்ளி, நாற்று நடும் இயந்திரத்தை வாடகைக்கு விடுகிறவர் என்று வருகிறவர்கள் எல்லாம் அக்கம்பக்கத்துக்காரர்கள்தான். கால்நடைக் கல்லூரி இருக்கும் ஊர் என்பதால் மாட்டுத் தீவனக்காரர்களும் வருவார்கள். அவர்களுக்கு மாட்டின் படம் மட்டும் பெரிதாக இருந்தால் போதும்.

இணையப் பக்கங்களை எழுத நான் பல காலம் பயன்படுத்தி வந்த பழைய எடிட்டர் மென்பொருள் ஒரு சாதுப் பிராணி. அந்தப் பக்கங்களின் மொழியான எச்டிஎம்எல்லில் எதைத் திறந்தாலும் மூட வேண்டும். பத்தி என்று ஒரு டேக், அதாவது குறிச்சொல், போட்டால், பத்தி முடிந்தது என்று இன்னொன்று போட வேண்டும். நான் மூட மறந்தால் பழைய எடிட்டரும் மறந்துவிடும். என்ன எழுதினாலும் தலையாட்டும். எங்களுக்குள் ஒரு சண்டை வந்ததில்லை. ஒருநாள் அந்தக் கம்ப்யூட்டர் மொத்தமாகப் படுத்துவிட்டது. புதியது வாங்கினோம். என் கணவர் எங்கேயோ விசாரித்து, இலவசமாகக் கிடைக்கிற வேறு ஓர் எடிட்டரை அதில் ஏற்றிக் கொடுத்தார். சும்மா கிடைக்கிறதில் என்ன பெரிதாக இருக்கப்போகிறது என்று நினைத்தேன்.

முதல்நாளே வம்பு ஆரம்பித்தது. மண்டபக்காரருக்கு ஒரு பக்கம் செய்துகொண்டிருந்தேன். ‘மண்டபத்துக்குள் வெடி வெடிக்கக் கூடாது’ என்பதைக் கண்ணில் அறைகிற மாதிரிப் போடச் சொல்லியிருந்தார். அதற்குத் தலைப்பு டேகைப் போட்டேன். எச்டிஎம்எல்லில் தலைப்புக்கென்று ஆறு படிகள் இருக்கின்றன. முதல் படி மொத்தப் பக்கத்துக்கும் தலைப்பு, அடுத்தது அதற்குள் வரும் பகுதிகளுக்கு, இப்படி இறங்கிக்கொண்டே போகும். ஆனால் என்னைப் போன்றவர்கள் அதை எழுத்தைப் பெரிதாக்குகிற கருவியாகத்தான் வைத்திருந்தோம். போட்ட மாத்திரத்தில் அந்த வரிக்கு அடியில் நெளிநெளியாக ஒரு மஞ்சள் கோடு வந்தது. அதன்மேல் அம்பைக் கொண்டுபோனால் ஒரு சின்னப் பெட்டி திறந்தது. ‘இந்தப் பக்கத்துக்கு ஏற்கெனவே ஒரு முதன்மைத் தலைப்பு இருக்கிறதே? எழுத்தைப் பெரிதாக்க மட்டும் என்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது.’ அது ஆங்கிலத்தில்தான் சொன்னது. என் காதில் அது எப்போதும் தமிழில், கொஞ்சம் மூக்கால் பேசுகிற குரலில்தான் விழுந்தது.

நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்குள் ஈரப்பதக் கருவியைச் செருகிப் பார்த்து, முகத்தில் ஓர் உணர்ச்சியும் இல்லாமல், “காயலைங்க, எடுத்துட்டுப் போயி திருப்பிக் காய வைங்க” என்பார்களே, அப்படி இருந்தது. என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மஞ்சள் கோட்டை நிறுத்திவைக்க வழி உண்டா என்று தேடினேன். உண்டு. ஆனால் அதை நிறுத்தினால், டேகைத் தானாக மூடிக் கொடுக்கிற வசதியும் சேர்ந்து நின்றுவிடும். அந்த வசதிக்கு நான் அரை நாளிலேயே அடிமையாகிவிட்டிருந்தேன். ஆகவே சகித்துக்கொண்டேன்.

சகித்துக்கொண்டேன் என்றால் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு மஞ்சள் கோட்டுக்கும் பதில் சொல்வேன். பள்ளிக்கூடத்துக் கட்டண அட்டவணை போட்டால், ‘மேல் வரிசைக் கட்டங்கள் தலைப்புக் கட்டங்கள் என்று சொல்லவில்லையே?’ என்னும். “பாத்தா தெரியல? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?” என்பேன். ‘இந்தப் பக்கம் எந்த மொழியில் இருக்கிறது என்று குறிப்பிடவில்லை’ என்னும். “தமிழ்லதான் எழுதித் தொலைச்சிருக்கேன்” என்பேன். கீழேயிருந்து உரக்கடைக்காரர், “யாரும்மா மேல வந்திருக்காங்க?” என்று கேட்பார். யாரும் வரவில்லை என்று சொன்னால் இன்னும் அசிங்கம் என்பதால், கஸ்டமர் என்று சொல்லிவைப்பேன்.

வீட்டுக்கு வந்தும் இதே புலம்பல்தான். கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: “அது சொன்னா முனகிக்கிட்டாவது திருத்திப்புடுற. நான் சொன்னா எதைக் கேட்டிருக்க?”

“அது காரணம் சொல்லுதுங்க. நீங்க சொல்றீங்களா?”

கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேனே தவிர, பிறகு யோசித்தபோது அது உண்மையாகத்தான் இருந்தது. அந்தப் பெட்டியில் தப்பு என்று மட்டும் போட்டிருக்காது. கீழே ‘ஏன்?’ என்று ஒரு வார்த்தை இருக்கும். தொட்டால் நாலே வரியில் சொல்லும். கைபேசியில் திறப்பவருக்கு இப்படி ஆகும், தேடுகிறவருக்கு இப்படி ஆகும், திரையை வாசித்துக் காட்டும் கருவி வைத்திருப்பவருக்கு இப்படி ஆகும் என்று. அதுவும் நான் தப்பைச் செய்துகொண்டிருக்கும்போதே சொல்லும். வேலையெல்லாம் முடிந்து காசும் வாங்கிய பிறகு ஒருவர் வந்து குறை சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? கை சேற்றில் இருக்கும்போதே, “அம்மா, நாத்தை ரொம்ப ஆழமா நட்டுட்டீங்க” என்றால் பிடுங்கி நட்டுவிடலாம். கொஞ்ச காலத்தில் மஞ்சள் கோடுகள் குறைந்தன. அது இளகிவிட்டது என்று நினைத்தேன். அது இளகவில்லை. அது கேட்பதற்கு முன்பே நான் செய்ய ஆரம்பித்திருந்தேன்.

ஒன்றில் மட்டும் எங்களுக்குள் சமாதானம் ஏற்படவில்லை. படங்கள். ஒரு படம் போட்டால், அது திறக்காமல் போகும் பட்சத்தில் அந்த இடத்தில் வருவதற்கென்று சில வார்த்தைகளை எழுத ஒரு பெட்டி உண்டு. ஆல்ட் என்போம். மாற்று உரை. மற்ற விஷயங்களில் மஞ்சள் கோட்டோடு நிறுத்திக்கொள்ளும் எடிட்டர், இதில் மட்டும் பிடிவாதமாக இருந்தது. பெட்டி காலியாக இருந்தால் பக்கத்தை இணையத்தில் ஏற்றவே விடாது. மாட்டுப் படத்துக்கெல்லாம் என்ன எழுதுவது? ‘மாடு’ என்று எழுதுவேன். மண்டபத்துக்கு ‘மண்டபம்’. ஏனோதானோ என்றுதான் செய்தேன்.

இந்தச் சமயத்தில்தான் சங்கத்து வேலை வந்தது. எங்கள் பக்கம் பாய்கிற வாய்க்கால் ஒன்றின் விவசாயிகள் சங்கம். கல்லணைக் கால்வாயிலிருந்து பிரிந்து, ஒரத்தநாட்டைத் தாண்டி, கடலுக்குப் பக்கத்து ஊர்கள்வரை போகிற வாய்க்கால். அணையில் தண்ணீர் குறைவாக இருக்கும் வருடங்களில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விடமாட்டார்கள். முறை வைத்து விடுவார்கள். இத்தனாம் தேதி மேல்மடைக்கு, இத்தனாம் தேதி கடைமடைக்கு என்று. அந்த முறையை எல்லோருக்கும் தெரியப்படுத்தத்தான் இணையதளம். நல்ல காரியம் என்று சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன்.

எனக்குக் கூடுதலாக ஒரு சந்தோஷமும் இருந்தது. அந்தக் கடைமடையில்தான் என் அக்கா இருக்கிறாள். கொழுந்தனார்கள் பங்கு போக ஐந்து மா நிலம். அத்தான் சிங்கப்பூரில் கட்டட வேலை. அக்காதான் விதைப்பதும் அறுப்பதும். அங்கே போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும். வாய்க்காலை விட்டால் வேறு வழியில்லை. அந்த வருடம் அவள் நேரடியாக விதைத்த விதை முளைத்து, விரல் நீளம் வளர்ந்து, தண்ணீர் வராமல் கருகிப்போனது. தண்ணீர் விடாமல் இல்லை. விட்டார்கள். எப்போது விட்டார்கள் என்று கடைமடைக்குத் தெரிவதற்குள், மேலே இருப்பவர்கள் வாய்க்காலின் குறுக்கே பலகையைப் போட்டுத் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். வருகிற தண்ணீருக்கு மதகில் ஆள் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அது வராது.

பக்கத்து நிலம் ஏற்கெனவே இறால் குட்டையாகிவிட்டிருந்தது. அக்காவிடமும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தான் போனில் சொல்லிவிட்டார்: “போதும். இந்தத் தடவையும் நடவு இல்லைன்னா குட்டைக்கு விட்டுடுவோம். நீயும் புள்ளையும் டவுனுக்குப் போயிடுங்க.” அவரைக் குறை சொல்ல முடியாது. பாலைவனத்துக்கு எவ்வளவு நாள்தான் பணம் அனுப்புவார்? ஆனால் ஒருமுறை உப்புத் தண்ணீரைத் தேக்கிய நிலத்தில் பிறகு நெல் வராது. அக்கா, “ஒரே ஒரு நடவு பாத்துடுறேன்” என்று தவணை கேட்டாள். கோயில் குளத்திலிருந்து குடம் குடமாகத் தூக்கி, நாற்றங்காலை மட்டும் காப்பாற்றி வைத்திருந்தாள். நாற்று முற்றிக்கொண்டிருந்தது. அடுத்த முறைத் தண்ணீரில் நட்டால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

எனவே சங்கத்துக்கு நான் பார்த்துப் பார்த்து ஒரு பக்கம் செய்தேன். எந்த மடைக்கு என்றைக்கு என்று சுத்தமான அட்டவணை. மேல் வரிசை தலைப்புக் கட்டங்கள், மொழி தமிழ், முதன்மைத் தலைப்பு ஒன்றே ஒன்று. எடிட்டர் வாயே திறக்கவில்லை. பெருமையோடு கொண்டுபோய்க் காட்டினேன்.

சங்கத் தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். நல்ல மனிதர்தான், வாய்க்காலுக்காக எத்தனையோ அலுவலகப் படிகள் ஏறியவர். ஆனால் அவர் முகம் சுருங்கிவிட்டது.

“ஏம்மா, ரேஷன் கடை போர்டு மாதிரில்ல இருக்கு?”

பக்கத்திலிருந்த செயலாளர் எடுத்துக் கொடுத்தார்: “நம்ம ஃப்ளெக்ஸ் கடைக்காரரு சூப்பரா டிசைன் பண்ணித் தருவாருங்க. அந்த ஃப்ளெக்ஸையே அப்படியே போட்டுடுங்க. அது போதும்.”

எங்கள் பக்கத்தில் ஃப்ளெக்ஸ் இல்லாமல் ஒன்றும் நடக்காது. காதுகுத்து, கபடிப் போட்டி, வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து இறங்குவது, எல்லாவற்றுக்கும் உண்டு. யார் படம் எவ்வளவு பெரிது என்பதில்தான் மரியாதை இருக்கிறது. அதை இருபதடி அகலத்துக்குச் செய்து ரோட்டோரம் கட்டினால் ஒன்றுமில்லை. அதையே ஒரு கைபேசிக்குள் திணிக்கலாம் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே தோன்றும். படத்துக்குக் கீழே எழுத்திலாவது தேதியைப் போடுகிறேனே என்று மன்றாடினேன். எழுத்து வந்தால் படம் கீழே இறங்கிவிடும், தலைவர் முகம் தெரியாது என்றார் செயலாளர். ஆனது ஆகட்டும் என்று வந்துவிட்டேன். வழியெல்லாம் ஸ்கூட்டியைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன்.

அப்புறம் அந்த வியாழக்கிழமை. கடைமடைக்கு முறை சனிக்கிழமை என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சாயங்காலம் செயலாளரிடமிருந்து ஒரு ஃப்ளெக்ஸ் வந்தது, ‘அவசரம், உடனே ஏத்துங்க, லிங்க்கை எல்லாருக்கும் மெசேஜ்ல அனுப்பப் போறோம்’ என்ற குறிப்போடு. திறந்து பார்த்தேன். ‘கடைமடைக்குத் தண்ணீர் பெற்றுத் தந்த தலைவருக்கு நன்றி! நன்றி! நன்றி!’ தலைவர் கைகூப்பி நிற்கிறார். பின்னால் எட்டுப் பேர். அதில் ஒருவர் கண்ணை மூடியிருக்கிறார். வலது மூலையில், ஃப்ளெக்ஸ் கடையின் போன் நம்பருக்கும் மேலே, எறும்பு போகிற மாதிரி ஒரு வரி. முறை மாறிவிட்டது. சனிக்கிழமை இல்லை, நாளைக்கு, வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கே திறக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை காலை அடைக்கிறார்கள்.

உடனே அக்காவுக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறாராம். அவள் எப்போதுமே அங்கேதான் இருக்கிறாள். அவர்கள் ஊரில் சிக்னல் என்பது ஆடிக்கு ஒருதரம் அமாவாசைக்கு ஒருதரம். வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பினால், மங்கலாக ஒரு சதுரம் வந்து, அதன் நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டே கிடக்கும். இந்த ஃப்ளெக்ஸ் அங்கே போய்த் திறக்கவா போகிறது? மறுபடி போட்டேன், மறுபடியும் அதே அம்மாள்தான் பேசினாள். அக்கா வீட்டுக்குப் பக்கத்துப் பலசரக்குக் கடைக்காரருக்குப் போட்டு விஷயத்தைச் சொன்னேன். “சொல்லிடுறேங்க. ஆனா போன தடவையும் இப்படித்தான் யாரோ சொன்னாங்கன்னு ஊரே மம்பட்டியோட போயி ஒருநாள் பூரா மதகுல காஞ்சுட்டு வந்துச்சு. இப்ப தண்ணின்னா யாரும் நம்ப மாட்டேங்குறாங்க” என்றார். அவர் குரலில் அவருக்கே நம்பிக்கை இல்லை.

செயலாளர் மறுபடி கூப்பிட்டார். “ஏத்திட்டீங்களாம்மா?” முனகிக்கொண்டே படத்தை எடிட்டரில் போட்டு, ஏற்று என்றேன். அது மாட்டேன் என்றது. ‘இந்தப் படத்துக்கு மாற்று உரை இல்லை.’

‘படம்’ என்று அடித்தேன்.

‘படம் என்பது விளக்கம் ஆகாது. இந்தப் படம் திறக்காதவருக்கு என்ன தெரிய வேண்டும்?’

அவ்வளவுதான். அன்று முழுக்க என்னிடம் உருப்படியான ஒரே கேள்வியைக் கேட்டது அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது கண்மண் தெரியாத கோபம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அம்மா எனக்காகவே ஒரு பழமொழியை வைத்திருப்பாள். சரி, இந்தப் பெட்டியை எவன் பார்க்கப்போகிறான் என்று நினைத்து, மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். இன்னும் வைத்திருக்கிறேன் அதை:

‘தலைவர் கைகூப்பி நிற்கிறார். எதற்கென்று தெரியவில்லை. பின்னால் எட்டுப் பேர், ஒருவர் தூங்குகிறார். இந்தப் படம் உங்கள் ஊரில் திறக்காது, திறந்தாலும் புண்ணியமில்லை. விஷயம் இதுதான்: கடைமடைக்கு முறைத் தண்ணீர் சனிக்கிழமை இல்லை. வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கே. ஞாயிற்றுக்கிழமை காலை அடைத்துவிடுவார்கள். இதைப் பெரிய எழுத்தில் போட இங்கே ஒருவருக்கும் கை வரவில்லை. மம்பட்டியோடு மதகுக்குப் போய்த் தொலையுங்கள்.’

மஞ்சள் கோடு மறைந்தது. ‘விளக்கம் சற்று நீளம், சுருக்கினால் நல்லது’ என்று சாம்பல் நிறத்தில் ஒரு முனகல் மட்டும் வந்தது. “நீ வேற” என்று சொல்லி ஏற்றிவிட்டு, அறையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் செயலாளர் போன் செய்தபோது, முதலில் எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

“என்னம்மா எழுதி வச்சிருக்கீங்க? தூங்குறாருன்னு போட்டிருக்கீங்களே, அவரு யாரு தெரியுமா? தலைவரோட மச்சினருங்க! ஊரு பூரா ஃபார்வர்டு பண்ணிச் சிரிக்கிறாங்க. தலைவர் வீட்டம்மாவே சிரிக்கிறாங்களாம்!”

கைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எனக்குத் தலைவர் படம் பளிச்சென்று வந்தது. எழுத்து ஒன்றுமில்லை. அப்புறம்தான் உறைத்தது. சிக்னல் இருப்பவர்களுக்குத் தலைவர். சிக்னல் இல்லாதவர்களுக்கு நான். படம் வந்து சேராத போன்களிலெல்லாம், அந்த வெற்றுச் சதுரத்துக்குள் என் வசவு முழுதாகப் போய் உட்கார்ந்திருந்தது. எழுத்துக்கு அவ்வளவு சிக்னல் தேவைப்படவில்லை.

சங்கத்து வேலை போயிற்று, சங்கத்தோடு பாதி ஊரும் போயிற்று என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். அப்போது அக்காவின் எண்ணிலிருந்து போன் வந்தது. எடுத்தால் ஒரே இரைச்சல். காற்றா, கூட்டமா, ஒன்றும் விளங்கவில்லை.

“கேக்குதாடி?” என்று கத்தினாள்.

“என்னக்கா சத்தம்?”

“தண்ணிடி! மதகுலதான் நிக்கிறேன். தண்ணி வந்துக்கிட்டிருக்கு. கேக்குதா?” போனைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டினாள் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் அந்த இரைச்சல் மட்டும்தான் வந்தது.

கடைக்காரர் சொன்னதை யாரும் நம்பவில்லையாம். அக்காவும்தான். காலையில் இருட்டு பிரியும்போது, நாற்றங்காலைப் பார்க்க வரப்பில் போனவளுக்கு ஒற்றைக்கோடு சிக்னல் கிடைத்து, முதல்நாள் மெசேஜ் வந்து விழுந்திருக்கிறது. தொட்டாளாம். படம் வரவில்லை, கட்டத்துக்குள் எழுத்து வந்தது.

“படிக்கிறேன் படிக்கிறேன், யாரோ திட்டிக்கிட்டே போறாங்க. யாருடா இதுன்னு பாத்தா, கடைசில ‘போய்த் தொலையுங்கள்’னு இருக்கு. உன்னைத் தவிர வேற யாருடி இப்படி எழுதுவா? இது என் தங்கச்சி எழுதினது, பொய்யா இருக்காது, கெளம்புங்கன்னு தெருத்தெருவா கதவைத் தட்டிட்டேன். பலகையோட மேல ஊருக்காரங்க வர்றதுக்குள்ள இங்க நாங்க நின்னுட்டோம்ல!”

என் வாழ்நாளில் என் கோபத்தை யாரும் ஒரு கையெழுத்தாக எடுத்துக்கொண்டதில்லை. சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. “சரி, நனைஞ்சு தொலையாம நில்லு” என்று மட்டும் சொன்னேன்.

சாயங்காலம் தலைவரே படியேறி வந்துவிட்டார். உரக்கடைக்காரர் வேடிக்கை பார்ப்பதற்காகப் பின்னாலேயே வந்தார். நான் எழுந்து நின்று, மன்னிப்புக் கேட்பதற்கு வாயைத் திறந்தேன். அவர் கையமர்த்தினார்.

“கடைமடையிலேர்ந்து காலையிலேர்ந்து போன்மா. நன்றிங்கிறாங்க, மகராசனா இருங்கங்கிறாங்க. ஆனா போட்டோவப் பாத்தீங்களான்னு கேட்டா, என்ன போட்டோங்கிறான் ஒவ்வொருத்தனும்.” அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. கொஞ்சம் தயங்கிக் கேட்டார்: “அந்தப் பொட்டிக்குள்ள என்ன வேணா எழுதலாமாம்மா? என் பேர எழுதினா அவங்களுக்குத் தெரியுமா?”

“பேரு என்னங்க, எல்லாமே தெரியும். படத்தை மட்டும் நம்பாம எழுத்துல போட்டா, எல்லார் போன்லயும் வரும்.”

பக்கத்தில் உட்காரவைத்து எடிட்டரைத் திறந்தேன். தண்ணீர் வரும் நாளையும் நேரத்தையும் முதன்மைத் தலைப்பாகப் போட்டேன். அவர் பேருக்கும் அதே அளவு வேண்டும் என்றார். போட்டுக் காட்டினேன். மஞ்சள் கோடு வந்தது.

“என்னவாம்?”

“ஒரு பக்கத்துக்கு ஒரு முதன்மைத் தலைப்புதானாம். இன்னொண்ணு கேக்காதீங்கன்னு சொல்லுது.”

தலைவர் அந்த நெளிகோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்னோடு என்றால் வாதாடியிருப்பார். மென்பொருளோடு எப்படி வாதாடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. “சரி, தண்ணியே இருக்கட்டும்” என்று இறங்கி வந்தார். அவர் பெயர் இரண்டாம் படியில், அட்டவணைக்கு அடுத்து வந்தது. படம் அதற்கும் கீழே. மாற்று உரையில், ‘வாய்க்கால் சங்கத் தலைவர், நிர்வாகிகளுடன்’ என்று மரியாதையாக எழுதினேன். மச்சினரைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. இன்றைக்கும் அந்தப் பக்கம் அப்படித்தான் இருக்கிறது. கஸ்டமர் யாராவது பிடிவாதம் பிடித்தால், நானும் இப்போதெல்லாம் வாதாடுவதில்லை. மஞ்சள் கோட்டைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறேன்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் அக்காவிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரு படம் வந்தது. அங்கேயிருந்து கிளம்பிய படம் அல்லவா, மங்கலாக ஒரு பச்சைச் சதுரம்தான் தெரிந்தது. நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் கீழே அவள் எழுதியிருந்தாள்:

‘படம் உனக்கு வந்துச்சோ என்னமோ. இது நம்ம வயல். நட்டு முடிச்சாச்சு. நடவாளுங்க வரப்புல உக்காந்து டீ குடிக்கிறாங்க. ஓரமா முழங்கால் சேத்தோட சிரிச்சுக்கிட்டு நிக்கிறது நான்தான். குட்டை வேணாம்னு அத்தானுக்கும் எழுதிட்டேன், சரின்னுட்டாரு. படம் தொறந்தா பாத்துத் தொலை.’

வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அது திறக்கும்வரை என்னால் காத்திருக்க முடியவில்லை, அதற்கு முன்பே அழுதுவிட்டேன். கீழேயிருந்து உரக்கடைக்காரர், “என்னம்மா, யாராச்சும் வந்திருக்காங்களா?” என்று குரல் கொடுத்தார்.

“ஆமாங்க, எங்க அக்கா” என்றேன்.